சுட்டது என் மகன் இல்லையே!

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். 19 வயது மகன் இரண்டு நண்பர்களோடு இரவில் காரில் போயிருக்கிறான். ஒருவன் கேஸ் ஸ்டேஷன் கடையில் கொள்ளையடிக்கப் போய்க் கடைக்காரரைச் சுட்டுவிட்டான், அவர் இறந்துவிட்டார். என் மகன் ஸ்டியரிங்கை விட்டே எழவில்லை. அவன் மேலும் கேப்பிடல் மர்டர் வழக்கு. நல்லவேளை, மரண தண்டனை கேட்கப்போவதில்லை என்று அரசுத் தரப்பு சொல்லிவிட்டது. ஜூரி முன்னால் உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள்தானே?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். மகனின் மதிப்பெண்கள், அவனைக் கெடுத்த சகவாசம், விசாரணை அதிகாரி பேசிய தோரணை, நிறம் பார்த்து நடத்துகிறார்களோ என்ற சந்தேகம், எல்லாம் படித்தேன். வழக்கில் இவை எதுவும் எடுபடாது. மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சும்மா மிரட்டத்தான் என்று சொல்லி நண்பன் காரிலேயே துப்பாக்கியைக் காட்டினானாம். வழக்கே அந்த வரிதான்.

டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 19.03-ன்படி, கொள்ளையின்போது வேண்டுமென்றே செய்த கொலை கேப்பிடல் மர்டர். 7.02(b) அதைக் கூட்டாளிக்கும் நீட்டுகிறது. கொள்ளைக்குச் சேர்ந்து கிளம்பியவர்களில் ஒருவன் அதை முடிப்பதற்காகக் கொலை செய்து, அப்படி நடக்கும் என்று மற்றவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்றால், எல்லோரும் கொலையாளிகள்தான். சுடாத கூட்டாளிக்குக் கொல்லும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வியே எழாது. கொள்ளை நடக்கப்போவதே தெரியாது என்றால் கதை வேறு. துப்பாக்கியைப் பார்த்தவன் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தால், ஜூரி அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நீங்களே யோசியுங்கள். கென்னத் ஃபாஸ்டர் என்பவர் 1996-ல் சான் அன்டோனியோவில் கார் ஓட்டியவர்தான், சுட்டவர் இல்லை. அவருக்கு மரண தண்டனையே விதித்தார்கள். 2007-ல் தண்டனை நிறைவேற வேண்டிய நாளன்றுதான் ஆளுநர் ரிக் பெர்ரி அதை ஆயுளாகக் குறைத்தார்.

அடுத்தது உங்கள் 'நல்லவேளை'. என்னிடம் வந்த குடும்பங்கள் அதிகம் சறுக்கிய இடம் இதுதான். மரண தண்டனை கேட்காவிட்டால் நீதிபதி பார்த்து ஏதோ பத்து, பதினைந்து வருடம் போடுவார் என்று நினைக்கிறார்கள். 18 வயது நிறைந்தவர் கேப்பிடல் மர்டரில் குற்றவாளி என்று தீர்ப்பானால், மரணம் இல்லையென்றால் பரோல் இல்லாத ஆயுள். 2005 செப்டம்பரிலிருந்து நடந்த குற்றங்களுக்கு இதுதான் சட்டம். நடுவில் எதுவும் கிடையாது, நீதிபதிக்கு ஒரு நாள் குறைக்கவும் அதிகாரம் கிடையாது. இன்னும் மோசம் என்னவென்றால், மரண தண்டனை கேட்கும் வழக்கிலாவது அவன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல ஜூரி முன் தனியாக ஒரு கட்டம் உண்டு. உங்கள் வழக்கில் அந்தக் கட்டமே வராது. பியானோ ஆசிரியையும் கோயில் கமிட்டித் தலைவரும் வந்து அவன் தங்கமான பையன் என்று சொல்ல நீங்கள் போட்டு வைத்திருக்கும் பட்டியலைக் கேட்க ஆளே இருக்காது.

அதனால் தண்டனையைக் குறைக்கச் சொல்லி அரசுத் தரப்போடு பேரம் பேசிப் பலனில்லை. குற்றச்சாட்டையே மாற்ற வேண்டும். ஆயுதம் தாங்கிய கொள்ளை என்று ஆக்கினால் 5 முதல் 99 வருடம் அல்லது ஆயுள். அதில் 20 வருடத்துக்கு ஒப்புக்கொண்டால் 10 வருடம் கழித்துப் பரோல் கேட்கலாம். கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் கதவு என்று ஒன்று இருக்கும். கிரீன் கார்டு போகும், நாடு கடத்துவார்கள் என்று உங்கள் மைத்துனர் தடுக்கிறார் என்கிறீர்கள். அவர் சொல்வது சரிதான், அதற்குத் தனியாகக் குடியேற்ற வக்கீலையும் கேளுங்கள். ஆனால் சென்னைக்குத் திருப்பி அனுப்பப்படும் மகன், சிறைக்குள்ளேயே கிழவனாகும் மகனைவிட மேல்.

பேரத்துக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சரக்கு, சுட்டவனுக்கு எதிரான சாட்சியம். பின்சீட்டில் இருந்தவனும் அதையேதான் விற்கப் பார்ப்பான். அவன் முந்திக்கொண்டால் உங்கள் மகன் சொல்வதற்கு மதிப்பு குறைந்துவிடும், பின்சீட்டுக்காரனின் சாட்சியம் உங்கள் மகனுக்கு எதிராகவே திரும்பும். கூட்டாளி சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். உண்மை. ஆனால் துணைக்கு வேறு சாட்சியம் கொஞ்சம் இருந்தாலே போதும். கடை வாசல் கேமராவில் உங்கள் கார் நின்றது பதிவாகியிருக்கிறது.

அப்புறம், சிறைத் தொலைபேசி. துப்பாக்கி விஷயத்தை மகனிடம் அதில்தான் கேட்டீர்களாம், தமிழில் பேசியதால் பயமில்லையாம். எல்லா அழைப்பும் பதிவாகிறது, மொழிபெயர்ப்பாளரை அமர்த்த அரசுத் தரப்புக்கு அதிக நேரம் ஆகாது. இனி சாப்பிட்டாயா, தூங்கினாயா, அதோடு சரி. அவனுடைய பழைய போனைத் துடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கை வைக்காதீர்கள், ஆதாரத்தை அழித்தால் உங்களுக்கே 2 முதல் 10 வருடம். இறந்தவர் வீட்டுக்குப் பெரியவர்களோடு போய்ச் சமாதானம் பேசும் யோசனையையும் விட்டுவிடுங்கள். இங்கே வழக்கு நடத்துவது அரசு, அந்தக் குடும்பம் வாபஸ் வாங்க ஒன்றுமில்லை. அவர்களில் யாராவது சாட்சியாக இருந்து, நீங்கள் பணத்தைப் பற்றி வாயெடுத்தால் சாட்சியைக் கலைத்ததாக இன்னொரு வழக்கு வரும்.

இந்த வாரமே வக்கீலைப் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள். குற்றச்சாட்டைக் குறைப்பது பற்றி டிஏ (வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞர்) அலுவலகத்தில் பேசியாயிற்றா? பின்சீட்டுக்காரனின் வக்கீல் ஏற்கெனவே பேசிவிட்டாரா? முதல் கேள்விக்கு 'இல்லை, ஜெயித்துவிடலாம்' என்று பதில் வந்தால், கேப்பிடல் வழக்கு நடத்தியே பழகிய வேறொரு வக்கீலிடம் கோப்பைக் காட்டுங்கள்.