சிறுபான்மையினர் காவல்துறையை எப்போது நம்புவார்கள்?

நல்லிணக்கக் கூட்டங்கள் நடத்தினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. புகார் கொடுக்கப் போகும் முதல் பத்து நிமிடத்திலேயே நம்பிக்கை பிறக்கிறது, அல்லது உடைகிறது. உட்காரச் சொல்கிறார்களா, பெயரைப் பிழையின்றி எழுதுகிறார்களா, சொல்வதை முழுதாகக் கேட்கிறார்களா? வீதியில் ஓர் இளைஞனைக் காரணமின்றி நிறுத்திச் சோதித்ததை அதிகாரி மறந்துவிடுவார். அந்த இளைஞனின் குடும்பமே மறக்காது.

வட அயர்லாந்தில் அப்போது சிறுபான்மையினராக இருந்த கத்தோலிக்கர் பலர் காவல்துறையைத் தங்களுடையதாகக் கருதவில்லை. 2001இல் அதன் பெயரையே மாற்றி, புதிய ஆள்சேர்ப்பில் பாதி இடங்களை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். காவல்துறையில் சுமார் 8 சதவீதமாக இருந்த அவர்களின் பங்கு பத்தாண்டில் 30 சதவீதத்தை நெருங்கியது. ஆனால் போலீஸ் மீதான புகாரைப் போலீசாரே விசாரித்தால் யார் நம்புவார்கள்? அதற்கெனத் தனி விசாரணை அலுவலகம் 2000இலேயே அங்கு செயல்படத் தொடங்கியிருந்தது. ஆள்சேர்ப்பைவிட அதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.