அம்மாவின் போன் திடீரென்று பேச ஆரம்பித்துவிட்டது, எப்படி நிறுத்துவது?

கேள்வி: ஊரில் இருக்கும் அம்மாவின் சாம்சங் போன் இரண்டு நாளாகத் தொட்டதையெல்லாம் சத்தமாகப் படிக்கிறது. தொட்ட இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் வருகிறது. வாட்ஸ்அப்பைத் தொட்டால் பெயரைச் சொல்கிறதே தவிர திறக்கவில்லை, திரையைத் தள்ளினாலும் நகரவில்லை. ஆஃப் செய்து ஆன் செய்தும் பார்த்துவிட்டார்கள். கடையில் காட்டினால் ஃபார்மேட் போட்டால்தான் சரியாகும் என்கிறார்கள். பேரனின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நான் சென்னையில் இருந்தபடியே சொல்லிச் சரி செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஃபார்மேட் போட வேண்டாம், கடையில் கொடுத்திருந்தால் இப்போதே திரும்ப வாங்கிவரச் சொல்லுங்கள். போனில் எந்தக் கோளாறும் இல்லை. பார்வையற்றவர்கள் போனைப் பயன்படுத்துவதற்காக உள்ள டாக்பேக் என்ற வசதி தெரியாமல் ஆன் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆஃப் செய்து ஆன் செய்தால் போகாது, ஏனென்றால் அது ஒரு செட்டிங், போன் அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

முதலில், வீட்டில் இன்னொரு போன் இருந்தால் அதில் அம்மாவை அழையுங்கள். அப்பாவுடையதோ பக்கத்து வீட்டுக்காரருடையதோ பரவாயில்லை, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அம்மா தன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்து பார்க்க வேண்டியது இது: சத்தத்தைக் கூட்டும் பட்டன், குறைக்கும் பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதே பட்டன்கள் அழுந்தித்தான் டாக்பேக் ஆன் ஆகியிருக்கும். குழந்தை கையில் போன் இருந்தபோதோ, பையில் வைத்தபோதோ, சத்தம் கூட்டுவதாக நினைத்து நடுவில் அழுத்தியபோதோ இது நடக்கும். சாம்சங்கில் பக்கவாட்டுப் பட்டனையும் சத்தம் கூட்டும் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஆன் ஆகும்படியும் ஒரு செட்டிங் உண்டு, அதனால் முதல் வழி பலிக்காவிட்டால் இதையும் ஒருமுறை செய்து பார்க்கலாம். "டாக்பேக் ஆஃப்" என்று குரல் வந்தாலோ கட்டம் மறைந்தாலோ வேலை முடிந்தது.

பலிக்கவில்லை என்றால் பதற வேண்டாம், கொஞ்சம் பொறுமை மட்டும் வேண்டும். டாக்பேக் ஓடும்போது தொடும் முறையே வேறு. ஒருமுறை தொட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று போன் வாசித்துக் காட்டும், கட்டம் அங்கே போய் நிற்கும். பார்க்க முடியாதவர் எதை அழுத்துகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. திறக்க வேண்டுமானால் அதன்பிறகு வேகமாக இரண்டு முறை தட்ட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: தட்டும்போது அதே இடத்தைத் துல்லியமாகத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை, கட்டம் சரியான இடத்தில் இருந்தால் திரையில் எங்கே தட்டினாலும் போதும். அழுத்தித் தட்டவும் வேண்டாம், கதவைத் தட்டுவது போல மெதுவாக, ஆனால் அடுத்தடுத்து. இடையில் நேரம் விட்டால் ஒரு தட்டல் என்றுதான் போன் எடுத்துக்கொள்ளும். திரையைத் தள்ள ஒரு விரல் போதாது, இரண்டு விரலைச் சற்று இடைவெளி விட்டு ஒன்றாக வைத்துத் தள்ள வேண்டும். அம்மாவுக்கு "ஒரு தொடல், ரெண்டு தட்டல், தள்ளுறதுக்கு ரெண்டு விரல்" என்று சொல்லிக்கொடுங்கள், இதைத் தவிர வேறு எதுவும் தேவைப்படாது.

திரை பூட்டியிருந்தால் இரண்டு விரலால் மேலே தள்ளினால் நம்பர் போடும் இடம் வரும். ஒவ்வொரு எண்ணையும் தொட்டு, பிறகு இரண்டு முறை தட்ட வேண்டும். சில போன்களில் எண்ணின் மேல் விரலை வைத்து எடுத்தாலே விழுந்துவிடும், அதனால் முதல் எண்ணைப் போட்டதும் எத்தனை புள்ளி வந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டுத் தப்பாகப் போட்டுக்கொண்டே போனால் போன் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லிவிடும். போனை ஆஃப் செய்து ஆன் செய்ததும் முதல் முறை மட்டும் நம்பர் போட்டே ஆக வேண்டும், அதன்பிறகு விரல்ரேகை வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை, அது எப்போதும் போலத் திறக்கும்.

உள்ளே வந்ததும் செட்டிங்ஸ், அதில் ஆக்சசிபிலிட்டி. போன் தமிழில் இருந்தால் அணுகல்தன்மை, மாற்றுத்திறன் வசதி போன்ற பெயரில் இருக்கும். அதற்குள் டாக்பேக். பழைய சாம்சங் என்றால் வாய்ஸ் அசிஸ்டன்ட் என்று இருக்கலாம், ஸ்கிரீன் ரீடர் என்ற தலைப்புக்கு அடியிலும் இருக்கலாம், எல்லாம் ஒன்றுதான். ரெட்மி போன்களில் அடிஷனல் செட்டிங்ஸ் என்பதற்குள் போனால்தான் ஆக்சசிபிலிட்டி வரும். சுவிட்சைத் தொட்டு, இரண்டு முறை தட்டினால், நிறுத்தவா என்று ஒரு பெட்டி கேட்கலாம். அதற்கும் அதே முறைதான், நிறுத்து என்பதைத் தொட்டு இரண்டு தட்டல். இத்தனை தேடுவது சிரமம் என்றால், கூகுள் அசிஸ்டன்ட் வேலை செய்யும் போனில், பூட்டைத் திறந்துவிட்டு "டர்ன் ஆஃப் டாக்பேக்" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கலாம்.

ஆஃப் ஆனதும் அப்படியே விட்டுவிடாதீர்கள். அதே டாக்பேக் பக்கத்தில் ஷார்ட்கட் என்று ஒன்று இருக்கும், அதையும் ஆஃப் செய்தால்தான் அடுத்த வாரம் பேரன் கையில் போன் போனதும் இதே கதை திரும்ப நடக்காது. வீட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர் யாராவது அந்தப் போனை எடுத்துப் பேசுவார் என்றால் மட்டும் ஷார்ட்கட்டை விட்டுவையுங்கள், அவருக்கு அதுதான் வழி. இதைத் தொல்லை பிடித்த வசதி என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் 2009இல் வந்தவை. பணம் அனுப்புவது, செய்தி படிப்பது, பஸ் எங்கே வருகிறது என்று பார்ப்பது எல்லாவற்றையும் இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் பார்வையற்றவர்கள் செய்துகொள்வது இதனால்தான், தமிழில்கூட வாசித்துக் காட்டும். யாருக்குத் தேவையோ அவர் ஒருவரின் உதவியும் இல்லாமல் ஆன் செய்ய வேண்டும் என்பதால்தான் வெறும் பட்டனை அழுத்தினால் வரும்படி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ஐபோன் இருந்தால் அங்கே இதன் பெயர் வாய்ஸ்ஓவர். பக்கவாட்டுப் பட்டனை, பழைய மாடல் என்றால் கீழே உள்ள வட்டப் பட்டனை, வேகமாக மூன்று முறை அழுத்தினால் ஆன், ஆஃப் ஆகும்படி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் ஐபோனின் குரல் உதவியாளரான சிரியிடம் "டர்ன் ஆஃப் வாய்ஸ்ஓவர்" என்று சொன்னால் போதும். ஐபோனில் திரை முழுக்கக் கறுப்பாகி, ஆனால் குரல் மட்டும் வந்தால் போன் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், மூன்று விரலால் மூன்று முறை தட்டிப் பாருங்கள், திரையை மறைக்கும் ஒரு வசதி ஆன் ஆகியிருக்கும். எழுத்தெல்லாம் பூதம் போலப் பெரிதாகித் திரையின் ஒரு மூலை மட்டும் தெரிந்தால் அது ஜூம், ஐபோனில் மூன்று விரலால் இரண்டு தட்டல், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் ஒரு விரலால் மூன்று தட்டல். படம் நெகட்டிவ் போல நிறம் மாறித் தெரிவதும் இதே ஆக்சசிபிலிட்டிக்குள் உள்ள சுவிட்ச்தான். கறுப்பு வெள்ளையாக மாறியிருந்தால் ஆண்ட்ராய்டில் தூங்கும் நேரத்துக்கான பெட்டைம் மோடையும் ஒருமுறை பாருங்கள்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், அம்மா போனை ஆக்சசிபிலிட்டி வரைக்கும் கொண்டுவந்த பிறகு இதைப் பார்க்காமல் மூட வேண்டாம். அந்தப் பக்கத்திலேயே இன்ஸ்டால்ட் ஆப்ஸ், அல்லது டவுன்லோடட் ஆப்ஸ் என்று ஒரு வரி இருக்கும். வெளியில் இருந்து போட்ட ஆப்களில் எதற்கெல்லாம் ஆக்சசிபிலிட்டி அனுமதி கொடுத்திருக்கிறது என்று அங்கே தெரியும். இந்த அனுமதி உள்ள ஆப் திரையில் இருப்பதைப் படிக்கலாம், நமக்குப் பதிலாகத் தானே பட்டனை அழுத்தலாம். டாக்பேக் வேலை செய்ய அது வேண்டும், ஆனால் திருடனுக்கும் அதுதான் வேண்டும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று ஏபிகே ஃபைல், அதாவது பிளே ஸ்டோர் இல்லாமல் ஆப்பை நேரடியாகப் போடும் ஃபைல் அனுப்பி, போட்டதும் முதலில் இந்த அனுமதியைத்தான் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் ஓடிபி வந்தால் படிக்கும், வங்கி ஆப்பைத் தானே இயக்கும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், இப்படிப் பிளே ஸ்டோருக்கு வெளியில் இருந்து போட்ட ஆப்புக்கு இந்த அனுமதி சுலபமாகக் கிடைக்காதபடி தடுப்பு இருக்கிறது, ஆனால் மோசடிக்காரர்கள் அந்தத் தடுப்பை எப்படி நீக்குவது என்று போனிலேயே சொல்லிக்கொடுத்து நீக்க வைக்கிறார்கள். சில வங்கி ஆப்கள் அறிமுகமில்லாத ஆப்புக்கு இந்த அனுமதி இருந்தால் திறக்கவே மறுப்பதும் இதனால்தான்.

பாஸ்வேர்டு சேமிக்கும் ஆப் போன்ற சிலவற்றுக்கு நியாயமான தேவை இருக்கலாம், நீங்களே போட்டது என்று தெரிந்தால் விட்டுவிடலாம். பெயரே தெரியாத ஒன்று, அல்லது படமே இல்லாத ஒன்று ஆன் ஆகியிருந்தால் முதலில் நெட்டைத் துண்டிக்கச் சொல்லுங்கள், ஏரோபிளேன் மோட் போட்டால் போதும், வைஃபையும் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு அந்த அனுமதியை ஆஃப் செய்து ஆப்பை நீக்குங்கள். ஆஃப் செய்யப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் தானாக மூடிக்கொண்டால் அது கெட்ட ஆப் என்று சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. பவர் மெனுவை வரவழைத்து, பவர் ஆஃப் என்ற படத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும், அதில் வெளி ஆப்கள் ஓடாது, அங்கே போய் நீக்கலாம். அம்மா அந்தப் போனில் வங்கிக் கணக்கு வைத்திருந்தால் வேறொரு போனில் இருந்து வங்கிக்கு உடனே சொல்லி நிறுத்திவைக்கச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். இந்த ஒரு சூழ்நிலையில் மட்டும் ஃபார்மேட் போடுவதில் அர்த்தம் இருக்கிறது, அதுவும் படங்களை எடுத்து வைத்த பிறகு.

அப்படி எதுவும் இல்லையென்றால் நல்லது, அநேகமாக இருக்காது. அப்புறம் ஒன்று. அதே பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் இருக்கிறது. எழுத்து சரியாகத் தெரியாமல் கண்ட இடத்தில் அம்மா தொட்டுக்கொண்டிருந்தாரா என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் எழுத்தை ஒரு படி கூட்டி வையுங்கள், கண்ணையும் ஒருமுறை காட்டிவிட்டு வரட்டும்.