விரல் வெடித்தது சரி, இமை ஏன் வீங்குகிறது?

நகம் வைக்கும் விளக்கால் கேன்சர் வரும் என்று ஒரு வீடியோவைப் பார்த்துப் பயந்து, விரல் வெடிப்பதையும் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கேன்சர் வராது அம்மா, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நீங்கள் பார்த்த வீடியோ ஜெல் பாலிஷை இறுக வைக்கும் புற ஊதா விளக்கைப் பற்றியது. நீங்கள் வைக்கும் அக்ரிலிக் செயற்கை நகத்துக்கு விளக்கே வேண்டாம், லிக்விடும் பவுடரும் சேர்ந்தால் பவுடரில் இருக்கும் பென்சாயில் பெராக்சைடு அதைத் தானாகவே இறுக வைத்துவிடும். நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுவதும் கால்சியம் குறைவால் இல்லை, நகத்தின் வேரில் எப்போதோ பட்ட சின்ன அடி, வளர வளர நுனிக்குப் போய்விடும். அதற்காகச் சாப்பிடும் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடலாம்.

ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், "இரண்டு மாதமாகக் கண் இமையும் அரிக்கிறது, காலையில் வீங்கியிருக்கிறது, கல்யாண சீசனில் தூக்கம் இல்லை, அதனால் இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். தூக்கமில்லாததால் இமை இப்படி மாதக்கணக்கில் அரிக்காது. காரைக்குடியில் பார்லர் வைத்து, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று கல்யாண வீடுகளுக்கும் போய் மணப்பெண்களுக்கு நகம் வைப்பவர், இடது கையில் மூன்று விரல் நுனி மட்டும் வெடித்து உரிகிறது, கூடவே இமை அரிக்கிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது அக்ரிலேட் ஒவ்வாமையைத்தான், அதாவது அந்த லிக்விடில் இருக்கும் அக்ரிலேட் குடும்பத்து ரசாயனங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதை.

ஏன் இடது கை? வலது கையில் பிரஷ் பிடிக்கிறீர்கள், லிக்விடில் முக்கி, பவுடரைத் தொட்டு உருண்டை எடுக்கும் முன்பும், அதை நகத்தில் வைத்த பின்பும் பிரஷைத் துடைக்க இடது கையில் மடித்த டிஷ்யூ வைத்திருப்பீர்கள். அந்த டிஷ்யூ நனைந்துதான் இருக்கும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் நாள் முழுக்க இறுகாத லிக்விடில் ஊறுகின்றன. அதே விரலால் வியர்வையைத் துடைக்கிறீர்கள், முடியை ஒதுக்குகிறீர்கள். உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில் இருப்பது, அங்கே கொஞ்சம் பட்டாலும் போதும். ஃபைல் பண்ணும்போது பறக்கும் தூசியும் முகத்தில்தான் படிகிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் போவதில்லை, தொட்டுக்கொண்டே இருந்தால் கூடும். பல் அடைக்கும் கலவை, மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் எலும்பு சிமென்ட், சர்க்கரை பார்க்க உடம்பில் ஒட்டும் சென்சாரின் பசை, இவற்றிலும் இதே குடும்பத்து ரசாயனங்கள் உண்டு. நாளைக்கு அங்கேயும் பிரச்சினை வரலாம். அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்த ட்யூப். மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு" என்று கேட்டு வாங்கி, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்ததை இரண்டு மாதமாக இமையில் தடவுகிறீர்கள். தயவுசெய்து இன்றைக்கே இமையில் தடவுவதை நிறுத்துங்கள். வீரியமான ஸ்டீராய்டைக் கண்ணருகே தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், கண் அழுத்தம் ஏறும், கண்புரையும் வரலாம். நிறுத்தியதும் சில நாள் சிவந்து எரியலாம், அதற்குப் பயந்து திரும்பவும் ட்யூபை எடுக்காதீர்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள். யூடியூபில் சொன்ன எலுமிச்சைச் சாறும் வேண்டாம், வெடித்த தோலில் அது எரிச்சலைத்தான் கூட்டும்.

செய்ய வேண்டியது பேட்ச் டெஸ்ட். முதுகில் ரசாயனங்களை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், 96 மணி நேரத்தில் இன்னொரு முறை பார்ப்பார்கள். மதுரை அரசு மருத்துவமனையிலோ வேறிடத்திலோ தோல் பிரிவில், அக்ரிலேட் ரசாயனங்களுக்கும் இந்த டெஸ்ட் செய்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பாட்டில்களின் லேபிளைப் படம் எடுத்துப் போங்கள். லேபிளே இல்லாத மலிவுப் பாட்டில் இருந்தால், அதை இனி யார் கையிலும் வைக்காதீர்கள். இதே குடும்பத்து மெத்தில் மெத்தாக்ரிலேட் கலந்த சரக்கு அப்படித்தான் வருகிறது, அமெரிக்காவில் அந்த லிக்விட் மேல் 1970-களிலேயே நடவடிக்கை எடுத்துவிட்டார்கள்.

தொழிலை விட வேண்டி வருமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் மகளின் காலேஜ் ஃபீஸ் வரை எழுதியதில் அதுதான் தெரிகிறது. பார்லரை மூட வேண்டாம். மேக்கப், முடி அலங்காரம், மெஹந்தி எல்லாம் செய்யலாம். அக்ரிலிக் மட்டும், டெஸ்ட் முடிவு வரும் வரை உங்கள் கையால் வேண்டாம். ஜெல்லுக்கு மாறிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் இதே குடும்பம். "ஹீமா இல்லாதது" என்று எழுதிய பாட்டிலும் தீர்வல்ல; ஹீமா (HEMA) என்பதும் இதே குடும்பத்து ரசாயனம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் ஹீமா கலந்த நகப் பொருள்களைத் தொழில்முறையாளர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்குப் பதில் சேர்ப்பதும் இன்னொரு அக்ரிலேட்தான், ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் வேலையைக் கொடுத்தால் போதும் என்கிறீர்களே, அவரும் அதே டிஷ்யூவை அதே மாதிரி பிடித்தால் அவருக்கும் இதே கதிதான். டிஷ்யூவைக் கையில் வைக்காமல் மேசையில் விரித்துத் துடைக்கட்டும். உருண்டை தோலில் படாமல், சதை ஓரத்தில் மயிரிழை இடைவெளி விட்டு வைக்கட்டும். லேடெக்ஸ், வினைல் கையுறை வழியாக இந்த லிக்விட் சில நிமிடங்களில் இறங்கிவிடும், நைட்ரைல் பரவாயில்லை, அதையும் லிக்விட் பட்டதும் உடனே மாற்ற வேண்டும். ஜன்னலைத் திறந்து, தூசியும் வாடையும் முகத்துக்கு வராமல் வெளியே போகிற மாதிரி ஃபேனை வையுங்கள், தலைவலியும் குறையும். வேலை நேரத்தில் மூச்சுத் திணறி, லீவு நாளில் சரியாகிறது என்றால் டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

நகத்தடியில் பச்சை படிந்ததாக நீங்கள் எழுதிய அந்தக் கஸ்டமருக்கு வந்தது பெரும்பாலும் ஈரத்தில் வளரும் பாக்டீரியா. செயற்கை நகத்தை நெம்பாமல் அசிட்டோனில் ஊறவைத்து எடுத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள், மேலே புது நகம் வைத்து மறைக்காதீர்கள்.

தை முகூர்த்தம் வந்தால் உங்களுக்கு நிற்க நேரமிருக்காது, அதற்கு முன்னாலேயே டெஸ்ட்டை முடித்துக்கொள்ளுங்கள்.