கேள்வி - பதில்: தூக்குமேடையும் திருச்சபையும்

கேள்வி: "கொலை செய்யாதே" என்று போதிக்கும் கத்தோலிக்கத் திருச்சபையே ஒரு காலத்தில் ஆட்களைக் கொன்றதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், மழுப்ப வேண்டியதில்லை. போப்புகள் மத்திய இத்தாலியை அரசர்களாகவும் ஆண்ட காலத்தில், ரோமில் ஜோவான்னி பத்திஸ்தா புகாத்தி என்று ஒரு மரண தண்டனை நிறைவேற்றுபவர் இருந்தார், 1796 முதல் 1864 வரை வேலை பார்த்து 516 பேரின் கதையை முடித்தவர். டைபர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், வத்திக்கானை ஒட்டித்தான் வீடு. அவர் சிவப்பு அங்கியோடு பாலத்தைத் தாண்டினால் இன்றைக்கு யாருக்கோ தலை போகப்போகிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். 1929-இல் உருவான வத்திக்கான் நாட்டின் சட்டத்திலும், போப்பைக் கொல்ல முயன்றால் மரண தண்டனை என்றே இருந்தது. யார் மீதும் அது பாயவில்லை, 1969-இல் போப் ஆறாம் பால் அதை எடுத்துவிட்டார்.

கேள்வி: அப்படியானால் 2018-இல் போப் பிரான்சிஸ் மரண தண்டனை பற்றிய போதனையையே மாற்றிவிட்டாரா?

பதில்: மாற்றவில்லை, வளர்ச்சிதான் என்கிறது வத்திக்கான். எனக்கென்னவோ மாற்றம் என்றே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உடம்பைக் காப்பாற்ற அழுகிய உறுப்பை வெட்டுவதுபோல என்று இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் மரண தண்டனையை நியாயப்படுத்தினார், ஆள்பவர் வாளைச் சும்மா ஏந்தவில்லை என்று பைபிளில் பவுல் எழுதிய வரியையும் (உரோமையர் 13) நூற்றாண்டுக் கணக்கில் எடுத்துக் காட்டினார்கள். 1995-இல் போப் இரண்டாம் ஜான் பால், சிறைகள் இவ்வளவு பலமாக இருக்கும்போது கொன்றே தீரவேண்டிய நிலைமை கிட்டத்தட்ட இல்லை என்றார். அதாவது கதவை முக்கால்வாசி சாத்தினார். 2018 ஆகஸ்ட் 2 அன்று திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்வி நூலின் 2267-ஆம் பத்தி திருத்தப்பட்டு மீதியும் சாத்தப்பட்டது: மரண தண்டனை ஏற்கத்தகாதது, ஏனென்றால் எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் மனித மாண்பு போய்விடுவதில்லை. உலகம் முழுக்க அதை ஒழிக்கத் திருச்சபை உழைக்கும் என்றும் அதே பத்தியில் இருக்கிறது.

சரி, எல்லாரும் கேட்டார்களா? அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஆளுநரே கத்தோலிக்கர், அந்த அறிவிப்பு வந்த பன்னிரண்டாம் நாள் அங்கே ஒரு கைதிக்கு விஷ ஊசி போட்டார்கள்.

கேள்வி: நவம்பர் 30 அன்று ரோமில் இருக்கும் பழைய அரங்கமான கொலோசியத்துக்கு விளக்குப் போடுகிறார்களாமே, எதற்கு?

பதில்: 1786-இல் அதே தேதியில், இன்று இத்தாலியின் ஒரு பகுதியாக இருக்கும் தஸ்கனி மரண தண்டனையை ஒழித்தது. அந்த நினைவாக சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் (குருக்கள் அல்லாத விசுவாசிகள்) அமைப்பு நடத்தும் நாள் அது.

கேள்வி: கொலைகாரனுக்கு இவ்வளவு இரக்கம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி யாருக்காவது கவலை உண்டா?

பதில்: இந்தக் கேள்வி சுடத்தான் செய்கிறது. அமெரிக்காவில் இந்தப் போராட்டத்தின் முகமாக இருக்கும் அருட்சகோதரி ஹெலன் பிரிஜான், 1984-இல் லூசியானாவில் மின்நாற்காலியில் உட்காரவைக்கப்பட்ட ஒருவருக்குக் கடைசி நிமிடம் வரை துணை நின்றவர். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களை ஆரம்பத்தில் போய்ப் பார்க்காதது தன் தப்பு, அதற்குக் காரணம் கோழைத்தனம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர்கள் கோபப்படுவார்களே என்ற பயம். அப்புறம் போனார், திட்டும் வாங்கினார், அவர்களோடு உட்கார்ந்து ஜெபமும் செய்தார். பறிகொடுத்தவர்களுக்காக நியூ ஆர்லியன்ஸில் ஓர் ஆதரவுக் குழுவும் தொடங்கினார்.