பாசி எடுக்கும் காலுக்கு மஞ்சள் போதுமா?

கேள்வி: பாம்பன் பக்கம் இருக்கிறேன், வயது 47. தீவுகளுக்குக் கடல்பாசி எடுக்கப் போவேன். குதிகாலில் பித்தவெடிப்பு, விரலிடுக்கில் அரிப்பு. மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுகிறேன். மாமியார் உப்புத் தண்ணீரில் கால் வைக்கச் சொல்கிறார். கால் ஆணிக்கு எருக்கம்பால் விடலாமா? எனக்குச் சர்க்கரையும் உண்டு.

பதில்: சகோதரி, கடைசியாகச் சொன்ன சர்க்கரையிலிருந்தே தொடங்குகிறேன். இன்று இரவே இதைச் செய்து பாருங்கள். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை வீட்டில் யாராவது ஓரிரு நொடி மெதுவாகத் தொடட்டும், அழுத்த வேண்டாம். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. பாறை கிழித்தாலும் தெரியாது, வெந்நீர் சுட்டாலும் தெரியாது. அப்படியானால் எதையும் பூசாமல் முதலில் மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள்.

உணர்ச்சி சரியாக இருந்து, வெடிப்பில் ரத்தமோ சீழோ இல்லை என்றால் வீட்டு வைத்தியம் நன்றாகவே உதவும். ஆனால் உப்புத் தண்ணீர் வேண்டாம். மரிக்கொழுந்துப் பாசிக்காக மணிக்கணக்கில் கடலில் கிடக்கிற காலுக்கு மறுபடியும் எதற்கு உப்பு? கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை துடையுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே குதிகாலில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தோலின் ஈரம் உலராமல் அது காக்கும். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் யூரியா கலந்த கிரீம் மருந்துக்கடையில் கிடைக்கும். தடித்த தோலை இளக்க அது எண்ணெயைவிட மேல். பிளேடால் சீவவே கூடாது.

விரலிடுக்கு அரிப்பு பெரும்பாலும் பூஞ்சை, அதாவது சேற்றுப்புண். அங்கே எந்த எண்ணெயும் வேண்டாம், ஈரம் தங்கிவிடும். குளோட்ரிமசோல் கிரீமைக் காலையும் மாலையும் நான்கு வாரம் பூசுங்கள். அரிப்பு நின்றதும் விட்டுவிட்டால் திரும்ப வரும்.

மஞ்சளுக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் ஓரளவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் திறந்த புண்ணில் அப்பினால், கிருமி பரவுவதைக் காட்டும் சிவப்பு மறைந்துவிடும். சிகிச்சை தரும் நாங்கள் முதலில் பார்ப்பதே அந்தச் சிவப்பைத்தான்.

எருக்கம்பால் வேண்டவே வேண்டாம். தோலை அரித்து, ஆணி இருந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியிலும் அமிலம்தான் இருக்கிறது, அதுவும் உங்களுக்கு ஆகாது.

நம் கரையோர வைத்தியத்தில் ஒன்றை மனதாரப் பாராட்டுவேன்: திருக்கை முள் குத்தினால் வெந்நீரில் கால் வைப்பது. சூட்டில் விஷம் அடங்கி வலி குறையும். 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைக்கலாம். சர்க்கரை இல்லாத ஒருவர் கை வைத்துச் சூடு பார்க்கட்டும். அப்புறம் முள் துண்டு எடுக்கவும் ரணஜன்னியைத் தடுக்கும் டிடி ஊசிக்கும் மருத்துவமனை போயே ஆக வேண்டும்.

கடல் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமிகள் உண்டு. சர்க்கரையோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு அது வெட்டுக்காயம் வழியாகப் புகுந்தால் ஒரே நாளில் கால் வீங்கிக் கொப்புளிக்கலாம். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்று இரவே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய், கடலில் பட்ட காயம், சர்க்கரை இருக்கிறது என்று இரண்டையும் முதலிலேயே சொல்லுங்கள்.