நான்கு வரிகளும் ஒரு ஜன்னல் கம்பியும்

கேள்வி: என் மகள் இந்த ஆண்டுடன் தொடக்கப்பள்ளியை முடிக்கிறாள். வயது பத்து. நிறைவு விழாவில் ஒவ்வொரு குழந்தையும் 'என் தொடக்கப்பள்ளி நாட்கள்' என்று ஒரு பக்கம் எழுதி மேடையில் படிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து அவள் எழுதியது நான்கே வரி. "மூன்றாம் வகுப்பில் நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். ஜன்னலில் ஒரு கம்பி மட்டும் சுற்றும். நான்காம் வகுப்பில் என் தோழி வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அவளுடைய ஷார்ப்னர் என்னிடம் இருக்கிறது." அவள் வாங்கிய பரிசுகள், ஆடிய நடனம், பாசமாக இருந்த ஆசிரியைகள் என்று எதுவும் இல்லை. பொறுக்க மாட்டாமல் நானே அழகாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "இது உன்னுடையது அம்மா" என்று மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள். விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவளை எப்படி எழுத வைப்பது? நான்கு வரியோடு மேடையேறினால் எல்லோரும் சிரிக்க மாட்டார்களா? வேலை காரணமாகப் பள்ளி நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு நான் போனதில்லை. அதனால்தான் ஐந்து வருடத்தில் நல்லது எதுவுமே அவள் மனதில் நிற்கவில்லையோ என்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.
- பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு முறையும் உங்கள் மகளின் நான்கு வரிகளை மூன்று முறையும் படித்தேன். அந்தக் கம்பி இன்னும் மனதுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்த பக்கத்தை நீங்கள் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டியதும் இல்லை, அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். "அறிவுக் கண்ணைத் திறந்த ஆசிரியப் பெருமக்களே, அன்பைப் பொழிந்த என் வகுப்புத் தோழர்களே" என்று ஒரே விழாவில் இருபது குழந்தைகள் ஒப்பிப்பதை முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவள். அந்தக் குரல்களில் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில்லை.

நினைவிருப்பது ஒரு பையனின் தாள். அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அவன் இப்படி எழுதியிருந்தான்: "இரண்டாம் வகுப்பில் டீச்சர் என்னை வெளியே நிற்க வைத்தார். வெளியே சுவரில் எறும்புகள் வரிசையாகப் போயின. நான் எண்ணினேன். நன்றாக இருந்தது." வெளியே நிற்க வைத்த அந்த டீச்சர் நான்தான். விழாவுக்கு முன் திருத்துவதற்காகத் தாள்கள் என் மேசைக்கு வந்தபோது, சிவப்புப் பேனாவால் அந்த வரிகளை அடித்துவிட்டு, "பள்ளி எனக்கு ஒழுக்கத்தைக் கற்றுத் தந்தது" என்று மேலே எழுதினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மேடையில் நான் எழுதிய வரியைப் படித்தான், தபால்காரர் முகவரி படிப்பதுபோல. எறும்பு வரிசையை அவன் சொல்லியிருந்தால் அன்று அரங்கில் பாதிப் பேராவது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அன்று என் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதுதான் பெரிதாகத் தெரிந்தது. நீங்களும் ஏறக்குறைய அதைத்தான் செய்திருக்கிறீர்கள். வித்தியாசம் ஒன்றுதான், உங்கள் மகள் தாளைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவள்.

உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு முதலில் வருகிறேன். நல்லது எதுவுமே அவள் மனதில் நிற்கவில்லையா? நின்றிருக்கிறது, நீங்கள் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். எண்டெல் டல்விங் என்ற உளவியலாளர் 1972-இல் நினைவை இரண்டாகப் பிரித்துப் பேசினார். ஒன்று, 'அன்று அங்கே நான் இருந்தேன்' என்று காட்சியாகத் திரும்பி வரும் நிகழ்ச்சி நினைவு. மற்றொன்று, எப்போது கற்றோம், எங்கே கற்றோம் என்ற அடையாளம் எதுவும் இல்லாமல் அறிவாகத் தங்கிவிடுவது. உங்கள் மகளிடம் முதன்முதலில் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டாமல் படித்த நாள் எது என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பாள். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவள் படிக்கிறாள். ஐந்து வருடத்தில் ஆசிரியைகள் தந்ததில் பெரும்பங்கு அப்படித் தேதி உதிர்ந்துபோய் அவளுக்குள் கலந்துவிட்டது. அதை மேடையில் சொல் என்றால் அவள் எதைச் சொல்வாள்?

காட்சியாக நிற்க வேண்டியவையும் நிறைய உதிர்ந்திருக்கும். மறதி வயதானவர்களின் தொல்லை என்று நாம் நினைக்கிறோம், குழந்தைகள் நம்மைவிட வேகமாக மறக்கிறார்கள். பட்ரீஷியா பாவர், மரீனா லார்க்கினா என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூன்று வயதுக் குழந்தைகள் அண்மையில் நடந்தவற்றைத் தாயுடன் பேசியதைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, சில வருடம் கழித்து அதே நிகழ்ச்சிகளைப் பற்றி அந்தக் குழந்தைகளிடம் கேட்டார்கள். ஐந்து முதல் ஏழு வயதில் கேட்கப்பட்டவர்களுக்கு 60 சதவீதமோ அதற்கு மேலோ நினைவிருந்தது. எட்டு, ஒன்பது வயதில் கேட்கப்பட்டவர்களுக்கு 40 சதவீதம்கூட இல்லை. தொடக்கப்பள்ளியில் உட்கார்ந்திருக்கும் அதே வருடங்களில்தான் அதற்கு முந்தைய வருடங்கள் கைநழுவுகின்றன. ஆனால் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறு. குறைவாக நினைவு வைத்திருந்த பெரிய குழந்தைகள், தங்களிடம் மிஞ்சியதைச் சின்னவர்களைவிட முழுமையாகச் சொன்னார்கள். உங்கள் மகளின் வரிகளை அந்தக் கண்ணோடு பாருங்கள். எந்த வகுப்பு, எந்த இடம், எந்தப் பொருள், யார் போனார்கள், யாரிடம் என்ன மிச்சம், எல்லாம் இருக்கிறது. நான்கு வரியில் இவ்வளவு சொல்லப் பெரியவர்களே திணறுவார்கள்.

பரிசு ஏன் வரவில்லை என்கிறீர்கள். பரிசைத்தான் எல்லோரும் வைத்திருக்கிறார்களே. அலமாரியில் கோப்பை இருக்கிறது, உங்கள் போனில் புகைப்படம் இருக்கிறது, விருந்தினர் வந்தால் நீங்கள் சொல்கிறீர்கள். அவள் வேறு தனியாகச் சுமக்க வேண்டுமா? கம்பி சுற்றுவது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து விரல் வைத்துத் திருப்பியிருப்பாள். அதை அவளுக்காக வேறு யாரும் ஞாபகம் வைத்திருக்கப் போவதில்லை என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

நீங்கள் விழாக்களுக்குப் போகாததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எல்லா விழாவுக்கும் பெற்றோர் இருவரும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்த குழந்தைகளும் குழாயடியையும் உடைந்த பெஞ்சையும்தான் எழுதினார்கள். அந்தக் கவலையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

இனி எழுதும் வேலை. உட்கார்ந்து எழுது என்று சொல்லாதீர்கள், கேளுங்கள். அந்தக் கம்பி எந்தப் பக்கம் சுற்றும்? சத்தம் வருமா? ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும்? அது சுற்றும் என்று முதலில் கண்டுபிடித்தது யார்? பதில் உங்களுக்குத் தெரியாத கேள்விகளாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். "ஆண்டு விழாவில் ஆடினாயே, சந்தோஷமாக இருந்ததல்லவா?" என்று கேட்டால் அவள் 'ஆமாம்' என்று தலையாட்டிவிட்டு எழுந்துபோவாள். அது கேள்வியே இல்லை, உங்கள் பக்கத்தின் இரண்டாம் பத்தி. அவள் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு தாளில் அவள் சொற்களையே குறித்துக்கொள்ளுங்கள். திருத்தாமல், அடுக்கு மொழி சேர்க்காமல் அவளிடம் கொடுங்கள். வேண்டியதை அவள் எடுத்துக்கொள்வாள்.

உங்கள் ஞாபகத்தை அவள்மேல் ஏற்ற வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்கள் இருபது பேரிடம் அவர்களுடைய சிறுவயதுப் புகைப்படங்களைக் காட்டினார்கள். அவற்றுக்கு நடுவே, அவர்கள் வெப்பக்காற்று பலூனில் பறப்பதுபோல் ஒட்டுவேலை செய்த பொய்ப்படம் ஒன்றையும் வைத்தார்கள். அப்படி ஒரு பயணம் நடக்கவே இல்லை. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மூன்று முறை பேச வைத்ததில், பாதிப் பேர் அந்தப் பயணத்தைக் கொஞ்சமாகவோ முழுதாகவோ நினைவுகூர்ந்தார்கள்! வளர்ந்தவர்களே இப்படி என்றால், பத்து வயதுக் குழந்தையிடம் அம்மா பாசத்தோடு நாலு தடவை சொன்னால் எதுதான் நடந்ததாக ஆகாது? இன்னும் பத்து வருடம் கழித்து உங்கள் பக்கமே அவள் ஞாபகமாகிவிடும், கம்பி போய்விடும்.

இன்னொன்று. பள்ளியில் அனுமதி கேட்டு, எல்லோரும் போன பிறகு ஒரு மாலை அவளோடு அந்த மூன்றாம் வகுப்பு அறைக்குப் போய் வாருங்கள். நீரடியில் மனப்பாடம் செய்த சொற்கள் கரையில் இருக்கும்போது வருவதைவிட நீரடியில் இருக்கும்போது அதிகம் நினைவுக்கு வருகின்றன என்று மூழ்கு நீச்சல் வீரர்களை வைத்து 1975-இல் காட்டியிருக்கிறார்கள் கோடன், பாட்லி என்ற இருவர். இடத்துக்கு அப்படி ஒரு சக்தி உண்டு. பத்து வயதுக் குழந்தை எட்டு வயதின் பெஞ்சில் உட்கார்ந்தால் முதலில் முழங்கால் இடிக்கும். "இவ்வளவு சின்னதா!" என்பாள். அதற்குப் பிறகு பேச்சு தானாக வரும். நீங்கள் வாசல் அருகே நில்லுங்கள், போனை வெளியே எடுக்காதீர்கள். வீட்டிலும் முதல் வகுப்பு நோட்டு ஏதாவது தப்பியிருந்தால் எடுத்து மேசைமேல் வையுங்கள், பார் என்று சொல்லக்கூட வேண்டாம். ஒரு வரி முழுக்க ஒரே எழுத்தாக அடைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் அவளுக்கே சிரிப்பு வரும்.

தோழியைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் கனமாகத் தெரிந்தன. ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு ஷார்ப்னரைத் தொலைக்காமல் வைத்திருக்கிறாள். அந்த வயதில் தன் சொந்த ஷார்ப்னரையே ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்த குழந்தையை நான் பார்த்ததில்லை. இப்போது பள்ளி முடிகிறது, மிச்சம் இருக்கும் தோழிகளும் ஆளுக்கொரு திசையில் போகப் போகிறார்கள். ஒரு முறை அனுபவித்தவளுக்கு அது என்னவென்று தெரியும், மற்றக் குழந்தைகளுக்கு இன்னும் தெரியாது. எனவே அந்த வரிகளை மேடையில் படிப்பதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று அவளிடம் கேளுங்கள். இரண்டும் சரிதான். தோழியின் வீட்டு எண் உங்களிடம் இருந்தால், பேச விரும்புகிறாயா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஷார்ப்னரைத் திருப்பிக் கொடுக்கலாமே என்று மட்டும் யோசனை சொல்லிவிடாதீர்கள்.

மேடை பயம் பற்றி. நான்கு வரி பதினைந்து வரியானால் போதும், மெதுவாகப் படித்தால் ஒரு நிமிடம் ஓடும். அதற்கு மேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள். வகுப்பாசிரியையிடம் முன்கூட்டியே, இதை மாற்றாமல் விடுங்கள் என்று நீங்களே சொல்லிவையுங்கள். சிவப்புப் பேனா எப்போது நீளும் என்று சொல்ல முடியாது, என்னைப் போன்றவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். சிரிப்பார்களா என்றால், சிரிப்பார்கள். கம்பி என்றதும் பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் கண்டிப்பாகச் சிரிப்பார்கள், ஏனென்றால் அந்த ஜன்னல் ஓரத்தில் அவளுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்தவர்கள் அங்கே இருப்பார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கும்.

கடைசியாக, நீங்கள் எழுதிய அந்தப் பக்கம். கிழித்துப் போட்டுவிடாதீர்கள். 'இது உன்னுடையது அம்மா' என்று அவள் சொன்னது நிஜம். மேலே இருக்கும் அவள் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதுங்கள். ஆசிரியப் பெருமக்கள் இருக்கும் முதல் பத்தியை எடுத்துவிட்டு, அவளை முதல் நாள் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தது, வேலையிடத்தில் இருந்துகொண்டு விழா நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தது, இதையெல்லாம் எழுதுங்கள். தேதி போட்டு, அவளுடைய முதல் வகுப்பு நோட்டுக்குள் வைத்துவிடுங்கள். அவள் இருபது வயதில் எடுத்துப் படிக்கட்டும்.

கம்பி எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.