காய்ச்சல் என்று எழுதாதே

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

எனக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். வேலூரில் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அப்பாவுக்குத் தறி. என் அம்மா தீப்பெட்டி கம்பெனிக்குப் போகிறார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான்.

பத்தாவது படிக்கும்போதே தூர நாட்களில் தாங்க முடியாத வலி. பன்னிரண்டாவது பொதுத்தேர்வில் கணக்குப் பரீட்சை முடித்து வெளியே வந்து மயங்கி விழுந்தேன். "மாசா மாசம் எல்லாருக்கும் வர்றதுதானே, நீ மட்டும் ஏன் இப்படி" என்பார் ஆயா. போன வருஷம் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது இடது சினைப்பையில் நாலு சென்டிமீட்டர் சாக்லேட் கட்டி (பழைய இரத்தம் தேங்கிய கட்டி) இருக்கிறது, எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். டைனோஜெஸ்ட் மாத்திரை தினம் ஒன்று கொடுத்தார்கள். மூன்று மாதம் போட்டேன். வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் அவ்வப்போது இரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை "ஹார்மோன் மாத்திரை போட்டா பின்னாடி குழந்தை தங்காது" என்று சொன்னதும் அம்மா நிறுத்திவிட்டார்கள். வலி பழையபடி வந்துவிட்டது.

மாதம் நாலு நாள் கல்லூரிக்குப் போக முடிவதில்லை. லீவ் லெட்டரில் காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்கிறேன். எங்கள் துறைத்தலைவர் ஆண். "இதையெல்லாம் வெளியில சொல்லாதே, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்" என்று அம்மாவும் சொல்கிறார்கள். போன செமஸ்டரில் வருகை 71 சதவீதம், கண்டொனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் பணம்) கட்டினேன். ஓர் இன்டர்னல் தேர்வு எழுதாததால் சைபர். ஒரு பேப்பர் அரியர். ஒரு சார் வகுப்பில் எல்லோர் முன்னாலும் "உனக்கு மட்டும் எப்படிம்மா மாசா மாசம் காய்ச்சல் வருது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். லேபில் சால்ட் அனாலிசிஸ் அன்று அந்த அழுகிய முட்டை நாற்றத்தில் வாந்தி எடுத்துவிட்டேன்.

ஒரு வருஷம் நிறுத்திவிட்டு உடம்பைப் பார் என்கிறார் அப்பா. தொலைதூரக் கல்விக்கு மாறிவிடலாமா? என்ன செய்வது என்று தெரியவில்லை.

க., குடியாத்தம்
(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள க.,

படிப்பை நிறுத்தாதே. ஒரு வருஷம் வீட்டில் படுத்திருந்தால் ஆறிவிடும் நோயில்லை இது. கருப்பையின் உட்சுவரில் இருப்பதைப் போன்ற திசு சினைப்பை, குடல், வயிற்றின் உள்சவ்வு என்று வெளியே கண்ட இடத்தில் வளர்ந்து, ஹார்மோன் ஏறி இறங்குவதற்கேற்ப அங்கேயே புண்ணாகி வீங்குகிறது. முழுதாகத் தீர்த்துவைக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. கட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழலாம், ஏராளமான பெண்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள். ஆகவே அடுத்த வருஷம் நீ திரும்பி வரும்போது நோய் இருக்கும், கூடப் படித்தவர்கள் இருக்கமாட்டார்கள். திரும்பி வர விடுவார்களா என்பதே சந்தேகம். படிப்பை விட்டு வீட்டில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு நம் ஊரில் அடுத்து என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொலைதூரக் கல்வியும் வேண்டாம். ஆய்வகத்தில் தினம் நிற்காமல் வேதியியல் படித்து என்ன செய்யப்போகிறாய்? அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருக்கும். கல்லூரியை விட்டால் அதுவும் போச்சு. அப்பாவிடம் பேசும்போது இதையும் சொல்லிவை. சில சமயம் இந்தக் கணக்குதான் எடுபடும்.

இனி அந்த லீவ் லெட்டர். உன் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான்.

அந்த சார் கேட்ட விதம் அநாகரிகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நானும் கல்லூரியில் வேலை பார்த்தவள். பதிவேட்டைப் புரட்டுகிறவர் கண்ணுக்கு என்ன படும் என்று யோசித்துப் பார். ஜூலையில் காய்ச்சல், ஆகஸ்டில் காய்ச்சல், செப்டம்பரில் காய்ச்சல். எல்லாம் தனித்தனி லீவு. இத்தனைக்கும் காரணம் ஒரே நோய் என்று சொல்ல அந்தக் காகிதக் கட்டுக்குள் ஒரு தாள்கூட இல்லை.

செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள். 75 சதவீதத்துக்கு 68 நாள் வந்தாக வேண்டும். உன் கையில் இருப்பது 22 நாள். மாதத்துக்கு நாலு என்றால் ஐந்து மாதத்தில் 20 போய்விடுகிறது. ஆடிக் கிருத்திகைக்கு ஒரு நாள், சித்தி மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள், அவ்வளவுதான், கோட்டைத் தாண்டிவிட்டாய். 65-க்கும் 75-க்கும் நடுவில் நின்றால் மருத்துவச் சான்று வைத்து, கண்டொனேஷன் கட்டிப் பரீட்சை எழுதலாம். 65-க்குக் கீழே போனால் நம் பக்கத்துப் பல்கலைக்கழக விதிகளில் பொதுவாக அந்தத் தடவை எழுதவே முடியாது. நீ 71-இல் நிற்கிறாய். ஒரு டைஃபாய்டு வந்தால் போதும்.

எனவே இந்த செமஸ்டர் தொடங்கும் முதல் வாரத்திலேயே, லீவு எதுவும் போடுவதற்கு முன்பே, ஒரு கடிதம் கொடு. நீளமாக வேண்டாம். "எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்ற நாள்பட்ட நோய் இருக்கிறது. சிகிச்சையில் இருக்கிறேன். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். இதனால் மாதத்தில் சில நாட்கள் வர இயலாமல் போகலாம். அந்நாட்களில் விடுபடும் உள்தேர்வையும் ஆய்வக வகுப்பையும் வேறு நாளில் செய்ய அனுமதிக்க வேண்டுகிறேன். ஆய்வகத்தில் தேவைப்படும்போது உட்கார ஒரு ஸ்டூலும் வேண்டும்." இதற்கு மேல் ஒரு வரி தேவையில்லை. தூரம், தீட்டு, நாள் கணக்கு என்று எதையும் யாரிடமும் விளக்க வேண்டாம். நீரிழிவு, ஆஸ்துமா என்று எழுதுகிறவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கி நீயே வைத்துக்கொள். துறைத்தலைவரிடம் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், துறையில் இருக்கும் ஒரு மேடத்தைக் கூட்டிக்கொண்டு போ. கேலி செய்த அந்த சாரிடம் நீ போக வேண்டியதே இல்லை.

மருத்துவச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் "உடல்நலக் குறைவு, மூன்று நாள் ஓய்வு" என்று எழுதித் தருவார்கள், அது காய்ச்சலுக்குச் சமம். நோயின் பெயர், எப்போதிலிருந்து, என்ன சிகிச்சை, திரும்பத் திரும்ப வரக்கூடியது, இவ்வளவும் அதில் இருக்கட்டும். ஏன் இத்தனை காகிதம் என்கிறாயா? மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016-ஆம் வருஷச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் உன் நோய் இல்லை. அதனால் பரீட்சையில் கூடுதல் நேரம் போன்றவற்றை உரிமை என்று கேட்டு வாங்குவது எளிதில்லை. சான்று வைத்துக் கேட்பதுதான் இப்போதைக்கு நடைமுறை வழி.

கேரளத்தில் 2023 ஜனவரியில் கொச்சின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு மாதவிடாய்க்காக ஒவ்வொரு செமஸ்டரிலும் 2 சதவீதம் வருகைச் சலுகை கொடுத்தது. அதைப் பார்த்து அரசும் மற்ற பல்கலைக்கழகங்களுக்கு விரித்தது, 73 சதவீதம் இருந்தால் போதும் என்று. 90 நாளில் 2 சதவீதம் இரண்டு நாள்கூட இல்லை, உன்னைப் போன்றவர்களுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் யாரிடமும் போய் நின்று கேட்காமல் கிடைக்கிறது பார், அதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

வெளியில் சொல்லாதே என்கிற அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ படிப்பது வேலூரில். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைப் பார்க்க ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது டாக்டரில்லை. டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றதற்கு, ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் டாக்டருக்குப் படித்து, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தார். பெண்ணின் வலியை ஆணிடம் சொல்லக் கூடாது என்று வீடுகள் பிடித்த பிடிவாதத்தால் எழுந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில், நீ காய்ச்சல் என்று எழுதிக்கொண்டிருக்கிறாய்.

மாத்திரை விஷயத்தில் நான் டாக்டரில்லை. ஆனாலும் அந்த அத்தையைவிடக் கொஞ்சம் படித்திருக்கிறேன். டைனோஜெஸ்ட் போடும்போது முதல் சில மாதங்களில் இப்படி விட்டுவிட்டு இரத்தம் படுவது சாதாரணம். அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. மாத்திரையை விட்டதும் சுழற்சி திரும்பிவிடும், கருப்பையை அது கெடுப்பதில்லை. கருத்தரிப்பதில் சிலருக்குச் சிக்கல் வருவது இந்த நோயால்தான். வந்தாலும் சிகிச்சை உண்டு, சிக்கலே இல்லாமல் கருவுறுகிறவர்களும் நிறைய. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், ஒரு குழந்தை பிறந்தால் போய்விடும் என்று அடுத்து யாராவது வருவார்கள். அதுவும் உண்மையில்லை. கர்ப்பத்தை இந்த நோய்க்குச் சிகிச்சையாகச் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய மருத்துவர்களின் 2022-ஆம் வருஷ வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. அடுத்த தடவை போகும்போது அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போ. கேள்வியை அம்மாவே கேட்கட்டும். பதில் டாக்டர் வாயால் வந்தால்தான் வீட்டில் நிற்கும். செலவு தடையாக இருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும் இதைத் தள்ளிப்போடாதே. நாலு சென்டிமீட்டர் கட்டி மருந்தில்லாமல் இருக்கிறது, அதை மறுபடி பார்த்தாக வேண்டும்.

வலி மாத்திரையை வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் சரியாகக் கேட்காது. தொடங்கும்போதே, சாப்பிட்டுவிட்டு, டாக்டர் சொன்ன அளவில் போடு. பெண்கள் மெடிக்கலில் சகஜமாகக் கேட்டு வாங்கும் மெஃபனாமிக் அமிலம் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரலாம் என்று 2023 கடைசியில் மத்திய அரசின் மருந்துத் தர அமைப்பான இந்திய ஃபார்மகோபியா கமிஷன் எச்சரித்தது. உடம்பில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே காட்டு. கோயிலுக்குப் போவதற்காக நாள் தள்ளிப்போட வாங்கும் மாத்திரை இருக்கிறதே, பரீட்சைக்கு என்று அதை நீயாக வாங்கிப் போடாதே. பரீட்சை அட்டவணையை முன்கூட்டியே டாக்டரிடம் காட்டினால் அதற்கேற்ப அவரே மருந்தை அமைத்துத் தருவார். மற்றபடி வெந்தயம், மோரில் பெருங்காயம் எல்லாம் ஆயா கொடுத்தால் குடி. கெடுதல் இல்லை, கட்டி கரையப்போவதும் இல்லை.

படிப்புக்கு வருகிறேன். வலி நாட்களில் புத்தகத்தைத் திறக்காதே. சுடுதண்ணீர்ப் பையை வைத்துக்கொண்டு படு. படிக்கவில்லையே என்று அழுதுகொண்டே படுப்பதில்தான் அடுத்த இரண்டு நாளும் சேர்ந்து போகிறது. தோழியின் நோட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம், ஆனால் எல்லாப் பாடத்துக்கும் அது உதவாது. கனிம வேதியியலை நோட்டைப் பார்த்தே படித்துவிடலாம். கரிம வேதியியலில் வினைவழிமுறை எழுதும்போது அம்பு எந்தப் பிணைப்பிலிருந்து கிளம்பி எந்த அணுவில் போய் முடிகிறது என்று போர்டில் போடப் போடப் பார்த்திருக்க வேண்டும், போட்டோவில் எல்லா அம்பும் ஒரே நேரத்தில் நிற்கும். அந்த வகுப்பை மட்டும் தோழியை உட்காரவைத்து, மறுபடி ஒவ்வொரு அம்பாகப் போட்டுக் காட்டச் சொல். அவளுக்கும் பரீட்சைக்கு நல்லது.

லேபில் இரண்டு பேட்ச் இருந்தால், உன் வாரம் மோசமாக இருக்கும்போது மற்ற பேட்ச்சோடு செய்யக் கேள். பியூரெட் முன்னால் மூன்று மணி நேரம் நின்று, வலி தொடை வரை இறங்கி, கை நடுங்கி ஒரு சொட்டு கூடுதலாக விழுந்தால் ரீடிங்கே போய்விடும். அந்த அழுகிய முட்டை நாற்ற ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும் நாளில், வாயுவை வெளியே இழுக்கும் ஃப்யூம் கப்போர்டு வேலை செய்கிறதா என்று கேட்பதற்கு உனக்கு நோய்கூட வேண்டியதில்லை. அது எல்லா மாணவருக்கும் உரியது.

ஒரு சின்ன நோட்டில் தேதி, பத்துக்கு எத்தனை வலி, என்ன மாத்திரை, எந்த வகுப்பு போச்சு என்று குறித்து வா. டாக்டருக்கும் பயன்படும், துறைக்கும் பயன்படும். பேருந்துப் பயணம் உன்னை அடித்துப்போடுகிறது என்று நினைக்கிறேன். குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு ரயிலில் வர முடிந்தால் வா, கழிப்பறையாவது இருக்கும். மூன்றாம் வருஷத்துக்கு வேலூரில் அரசு மாணவியர் விடுதிக்கு இப்போதே விசாரித்து வை.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி கருத்தரிக்கும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இந்த நோய். கண்டுபிடிக்கவே 4 முதல் 12 வருஷம் ஆகிறது. அப்படியானால் அன்று சிரித்த பெண்களிலும் யாரோ ஒருத்திக்கு இருக்கலாம், இன்னும் பெயர் தெரியாமல். ஒரு அரியரைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே, அடுத்த செமஸ்டரில் சேர்த்து எழுதிவிடலாம். சைபர் விழுந்த இன்டர்னலை மட்டும் விடாதே. நம் பக்கம் பெரும்பாலும் உள்மதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண், அது கையைவிட்டுப் போனால் 75-இல் ஈடுகட்டுவது கஷ்டம். சான்று வந்ததும் மறுதேர்வு கேட்டு அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. அதிலும் நோயின் பெயரையே எழுது.